வார்ஸ்பைட் என்னும் கொடிக்கப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் கடற்படையின் வார்ஸ்பைட் 1915 முதல் 1945 வரை பணியில் இருந்த பேட்டில்ஷிப், அதாவது பெரிய பீரங்கிகளும் தடித்த கவசமும் கொண்ட போர்க்கப்பல். இரண்டு உலகப் போர்களிலும் சண்டையிட்டது. அட்மிரல்கள் பலர் தங்கள் கொடியை இதில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் கொடி 1942இல் இலங்கைக் கடலிலும் பறந்தது. இந்தக் கப்பலைப் பற்றிப் படிப்பவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கொடிக்கப்பல் என்பது ஒரு கப்பல் வகையா?

இல்லை. கடற்படைத் தளபதி எந்தக் கப்பலில் ஏறித் தன் பதவிக்கொடியை ஏற்றுகிறாரோ அதுதான் கொடிக்கப்பல். காலையில் சாதாரணக் கப்பலாக இருந்தது மாலையில் கொடிக்கப்பல் ஆகலாம். அவர் இறங்கிப் போனால் கொடியும் இறங்கிவிடும். வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை மட்டும் இருந்தால் கப்பலில் இருப்பவர் முழு அட்மிரல். கொடிமரத்தை ஒட்டிய மேல்மூலையில் ஒரு சிவப்பு வட்டம் இருந்தால் வைஸ் அட்மிரல், அதன் கீழ்மூலையிலும் ஒன்று சேர்ந்து இரண்டு வட்டங்கள் இருந்தால் ரியர் அட்மிரல். பழைய புகைப்படத்தில் கொடி தெளிவாக விழுந்திருந்தால், கப்பலில் அன்று எந்தப் பதவியினர் இருந்தார் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

அட்மிரல் கப்பலில் இருக்கும்போது கேப்டனுக்கு என்ன வேலை?

கப்பலை ஓட்டுவதும், அதன் பீரங்கிகளைச் சுடவைப்பதும், அதன் ஆட்களைக் கவனிப்பதும் கேப்டனின் பொறுப்பு. கடற்படை முழுவதும் எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும், எதைத் தாக்க வேண்டும் என்பது அட்மிரலின் பொறுப்பு. சுக்கான் பிடிப்பவருக்கு அட்மிரல் நேரடியாக உத்தரவு போடுவதில்லை. 1940இல் நார்வேயின் நார்விக்கில் வார்ஸ்பைட்டின் கேப்டன் விக்டர் கிரட்ச்லி, கொடி வைஸ் அட்மிரல் விட்வொர்த்துடையது. 1941இல் கிரீஸ் கடலின் மாட்டாபானில் கேப்டன் டக்ளஸ் ஃபிஷர், கொடி அட்மிரல் கன்னிங்ஹாமுடையது. கப்பலை நடத்தும் மேடையான ஒரே பிரிட்ஜில் இரண்டு தலைமை நிற்பதால் இடநெருக்கடி வரும். அதனால்தான் கொடிக்கப்பல்களில் அட்மிரலுக்கென்று தனித் தளம் கட்டினார்கள்.

வார்ஸ்பைட் எப்படிப்பட்ட கப்பல்?

டெவன்போர்ட் கப்பல்தளத்தில் 1912 அக்டோபர் 31 அன்று கட்டத் தொடங்கி, 1913 நவம்பர் 26 அன்று நீரில் இறக்கினார்கள். 1915 மார்ச்சில் பணிக்கு வந்தது. குயீன் எலிசபெத் வகுப்புக் கப்பல்கள் மொத்தம் ஐந்து: குயீன் எலிசபெத், வார்ஸ்பைட், வேலியன்ட், பார்ஹம், மலாயா. கடைசிக் கப்பலுக்கான பணத்தைக் கொடுத்தவை மலாய்க் கூட்டு மாநிலங்கள். பெயரும் அப்படி வந்ததுதான்.

நீளம் சுமார் 196 மீட்டர். நான்கு பீரங்கிக் கோபுரங்களில் இரண்டிரண்டாக எட்டு 15 அங்குலப் பீரங்கிகள். ஒரு பீரங்கிக் குழாயின் எடை சுமார் 100 டன். அது எறியும் குண்டு ஏறக்குறைய 880 கிலோ. அந்தக் குண்டைத் தள்ள நான்கு மூட்டைகளாகக் கட்டிய கார்டைட் வெடிமருந்து வேண்டும், மொத்தம் சுமார் 194 கிலோ. குண்டும் மருந்தும் கப்பலின் அடிவயிற்றில் தனித்தனி அறைகளில் இருக்கும். கோபுரத்தின் அடியில் உள்ள தூக்கிகள் அவற்றை மேலே கொண்டுவரும். நன்றாகப் பழகிய குழுவால் ஒரு பீரங்கியிலிருந்து நிமிடத்துக்கு இரண்டு குண்டுகள்வரை சுட முடியும்.

இந்த வகுப்பின் உண்மையான புதுமை எரிபொருளில் இருந்தது. நிலக்கரியை முற்றிலும் கைவிட்டு எண்ணெயில் மட்டும் ஓடிய முதல் பிரிட்டிஷ் பேட்டில்ஷிப்கள் இவை. அதனால்தான் இத்தனை கனத்தோடும் 24 நாட் (மணிக்கு சுமார் 44 கிலோமீட்டர்) வேகத்தை எட்டின.

ஜட்லண்ட் போரில் வார்ஸ்பைட் கொடிக்கப்பலாக இருந்ததா?

இல்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய இந்தப் போரைப் பற்றிப் பலர் தவறாக நினைப்பது இது. 1916 மே 31 அன்று வார்ஸ்பைட் ஐந்தாம் பேட்டில்ஷிப் பிரிவில் ஒரு கப்பல், அவ்வளவுதான். பிரிவுத் தளபதி ரியர் அட்மிரல் ஈவன்-தாமஸின் கொடி பார்ஹமில் பறந்தது. அவருக்கு மேலிருந்த பீட்டியின் கொடி லயனிலும், அனைவருக்கும் மேலிருந்த ஜெல்லிகோவின் கொடி அயர்ன் டியூக்கிலும் பறந்தன.

ஆனாலும் கொடிக்கப்பல் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இந்தப் போரைப் படித்தே ஆக வேண்டும். பீட்டி எதிரியை நோக்கித் திரும்பியபோது லயன் கொடிகளால் சைகை காட்டியது. ஐந்தாம் பிரிவு சுமார் ஐந்து மைல் தள்ளி இருந்தது. புகையும் தூரமும் சேர்ந்து கொடிகளை மறைத்துவிட்டன. பார்ஹம் சில நிமிடங்கள் பழைய திசையிலேயே போனது. கடற்படையின் மிக வலிமையான நான்கு கப்பல்கள் சண்டையின் தொடக்கத்தில் எட்டாத தூரத்தில் இருந்ததற்குக் காரணம் அந்தச் சில நிமிடங்கள். அட்மிரல் சொல்வது அடுத்த கப்பலுக்குப் போய்ச் சேராவிட்டால் அவர் ஏறிய கப்பலில் எத்தனை பீரங்கி இருந்தும் பயனில்லை.

அன்று மாலை வார்ஸ்பைட்டின் சுக்கான் சிக்கிக்கொண்டது. திருப்பிய சக்கரத்துக்குக் கப்பல் அசையாமல், ஜெர்மன் கப்பல்களின் கண்முன்னே இரண்டு முறை வட்டமடித்தது. எதிரியின் குண்டுகள் முழுவதும் அதன்மேல் திரும்பின. பக்கத்தில் சிதைந்து கிடந்த வாரியர் என்ற குரூசருக்கு (பேட்டில்ஷிப்பைவிடச் சிறிய போர்க்கப்பல்) அதனால் மூச்சுவிட நேரம் கிடைத்தது. வார்ஸ்பைட்டில் 15 பெரிய குண்டுகள் விழுந்தன, 14 பேர் இறந்தார்கள். சுக்கான் கோளாறு அதன் பிற்கால வாழ்விலும் பல முறை தலைகாட்டியது.

அப்படியென்றால் எப்போது அட்மிரல்களுக்கு ஏற்ற கப்பலாக மாறியது?

1934 முதல் 1937 வரை போர்ட்ஸ்மத்தில் நடந்த மறுகட்டுமானத்தில். ஓடும் உடலை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருந்தவற்றில் பெரும்பகுதியை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். பழைய 24 பாய்லர்களுக்குப் பதில் 6 புதிய பாய்லர்கள், புதிய டர்பைன்கள். முழு வேகத்தில் மணிக்கு 41 டன் எண்ணெய் குடித்த கப்பல் 27 டன்னில் ஓடியது. இயந்திரங்கள் சிறுத்ததால் மிச்சமான எடையையும் இடத்தையும் வெடிமருந்துக் கிடங்குகளுக்கு மேலான கவசத்தைத் தடிப்பாக்கவும், விமானக் கொட்டகை அமைக்கவும், விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் கூட்டவும் செலவிட்டார்கள். பீரங்கிகள் நிமிரும் கோணம் 20 டிகிரியிலிருந்து 30 ஆனது. வீச்சு சுமார் 21 கிலோமீட்டரிலிருந்து 29 கிலோமீட்டரானது.

கொடிக்கப்பலுக்கு முக்கியமானது வேறொன்று. முக்காலிக் கொடிமரத்தைச் சுற்றி ஒட்டுப்போட்டதுபோல இருந்த பழைய மேடைகளை அகற்றி, மூடிய பெரிய கோபுரம் ஒன்றைக் கட்டினார்கள். அட்மிரலும் அவருடைய தலைமை அதிகாரி, வழிகாட்டல் அதிகாரி, பீரங்கி அதிகாரி, சைகை அதிகாரி, செயலர் ஆகியோரும் உட்கார்ந்து வேலை செய்ய அங்கே இடம் கிடைத்தது. கப்பல்களின் நிலையை வரைபடத்தில் குறிக்கவும், வானொலிச் செய்திகளைச் சங்கேதத்திலிருந்து பிரிக்கவும் அறைகள் வந்தன. வார்ஸ்பைட்டின் கொடிக்கப்பல் வரலாற்றை உண்மையில் எழுதியது இந்தக் கோபுரம்தான் என்றே சொல்ல வேண்டும். மலாயாவும் பார்ஹமும் இதே வகுப்புதான், ஆனால் இந்த அளவு மாற்றம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

எந்தெந்த அட்மிரல்கள் இதில் கொடி ஏற்றினார்கள்?

மறுகட்டுமானத்துக்குப் பிறகு வந்தவர்களைச் சொன்னால் போதும். 1938 தொடக்கத்தில் மால்டாவில் மத்திய தரைக்கடல் கடற்படைத் தளபதி டட்லி பவுண்ட். 1939 ஜூனில் அவருக்குப் பின் ஆண்ட்ரூ கன்னிங்ஹாம். 1940 ஏப்ரலில் நார்வேயில் விட்வொர்த். மே மாதம் கப்பல் அலெக்சாந்திரியாவுக்கு வந்ததும் மீண்டும் கன்னிங்ஹாம். 1941 மேயில் கிரீட் கடலில் ரியர் அட்மிரல் ராலிங்ஸ். 1942இல் கிழக்குக் கடற்படைத் தளபதி ஜேம்ஸ் சோமர்வில்.

நார்விக்கில் ஒரு பேட்டில்ஷிப்பைக் குறுகிய நீரில் விட்டது சரியா?

ஆபத்தானது, ஆனால் காரணம் இருந்தது. நார்வேயின் கழிமுகங்கள் இருபுறமும் மலைச்சுவர் கொண்ட நீண்ட நீர்ச்சந்துகள். 196 மீட்டர் கப்பல் அங்கே விரும்பியபடி திரும்ப முடியாது, நீருக்கடியில் பாய்ந்து வரும் டார்பீடோவிலிருந்து விலக இடமில்லை. ஆனால் உள்ளே எட்டு ஜெர்மன் நாசகாரிகள் (டார்பீடோ ஏந்திய சிறிய, வேகமான போர்க்கப்பல்கள்) எண்ணெயும் குண்டும் குறைந்த நிலையில் அடைபட்டிருந்தன. விட்வொர்த் தன் கொடியை ரினவுன் என்ற கப்பலிலிருந்து வார்ஸ்பைட்டுக்கு மாற்றி, ஒன்பது நாசகாரிகளோடு 1940 ஏப்ரல் 13 அன்று உள்ளே போனார்.

வேலையைப் பாதி முடித்தது கப்பலின் ஸ்வார்ட்ஃபிஷ் மிதவை விமானம். கப்பலின் எறிபொறியிலிருந்து கிளம்பி முன்னால் பறந்து, மறைந்திருந்து டார்பீடோ விடக் காத்திருந்த நாசகாரியைப் பற்றி முன்கூட்டியே செய்தி அனுப்பியது. போகிற வழியில் யு-64 நீர்மூழ்கியையும் குண்டு போட்டு மூழ்கடித்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை விமானம் மூழ்கடித்த முதல் ஜெர்மன் நீர்மூழ்கி அது. எட்டு நாசகாரிகளும் அன்றே அழிந்தன. மூலைக்கு அப்பால் பார்க்கும் கண் இல்லாமல் அட்மிரல் உள்ளே போயிருந்தால் கதை வேறு.

24 கிலோமீட்டரில் இருந்து சுட்டு அடித்தது உண்மையா?

உண்மை. 1940 ஜூலை 9, இத்தாலியின் கலாப்ரியா கடற்கரைக்கு அப்பால். கன்னிங்ஹாமிடம் மூன்று பேட்டில்ஷிப்கள் இருந்தன. ஆனால் மலாயாவின் குண்டுகள் எட்டவில்லை, ராயல் சாவரினால் வேகத்தில் ஈடுகொடுக்க முடியவில்லை. 30 டிகிரி நிமிரும் பீரங்கி வார்ஸ்பைட்டிடம் மட்டும் இருந்தது. ஆகவே கொடிக்கப்பலே தனியாக இரண்டு இத்தாலியப் பேட்டில்ஷிப்களோடு சண்டையிட்டது. நகரும் கப்பலிலிருந்து நகரும் கப்பலை அடித்த மிகத் தொலைவான வெற்றிகளில் ஒன்றாக இதை இன்றும் கணக்கிடுகிறார்கள்.

குண்டு அவற்றில் ஒன்றான ஜூலியோ சேசரேயின் புகைபோக்கிப் பகுதியில் விழுந்தது. கவசத்தைத் துளைத்து அடிவரை போகவில்லை. மேலே மூண்ட தீயின் புகையைப் பாய்லர் அறைகளின் காற்றாடிகள் உள்ளே இழுத்துவிட்டன. ஆட்கள் நிற்க முடியாமல் நான்கு பாய்லர்களை அணைத்தார்கள், வேகம் 18 நாட்டுக்கு இறங்கியது. இத்தாலியத் தளபதி கம்பியோனி புகைத்திரை போட்டு விலகினார்.

மாட்டாபான் போருக்குப் புறப்படும்போதே கப்பலில் கோளாறு என்கிறார்களே?

ஆமாம், காரணம் சேறு. 1941 மார்ச் 27 மாலை அலெக்சாந்திரியாவிலிருந்து வெளியேறும்போது வார்ஸ்பைட் ஒரு சேற்றுத்திட்டுக்கு மிக அருகில் போய்விட்டது. நீராவிக் கப்பலின் கண்டென்சர் கடல்நீரை உறிஞ்சி, டர்பைனிலிருந்து வரும் நீராவியைக் குளிரவைத்து மீண்டும் தண்ணீராக்கும். உறிஞ்சிய நீரில் சேறு வந்தால் மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும், நீராவி குளிராது, வேகம் விழும். கொடிக்கப்பல் மெதுவானால் கடற்படை முழுவதும் மெதுவாக வேண்டும். அன்று எல்லோரும் சுமார் 20 நாட்டில் போனது இதனால்தான். மறுநாள் கடற்படையின் தலைமைப் பொறியாளரை அனுப்பிக் கோளாறைச் சரிசெய்த பிறகே வேகம் கூடியது.

புறப்பாட்டை மறைக்கக் கன்னிங்ஹாம் செய்த ஏற்பாடும் குறிப்பிடத் தக்கது. அலெக்சாந்திரியாவில் இருந்த ஜப்பானியத் தூதர் கப்பல்களைக் கவனித்துச் செய்தி அனுப்புவார் என்று தெரியும். அன்று பிற்பகல் கன்னிங்ஹாம் கோல்ஃப் மட்டைகளோடும் இரவு தங்கும் பெட்டியோடும் கரைக்குப் போனார். இருட்டியதும் சத்தமில்லாமல் கப்பலுக்குத் திரும்பினார்.

28ஆம் தேதி ஃபார்மிடபிள் விமானந்தாங்கியின் டார்பீடோ பட்டு போலா என்ற இத்தாலியக் குரூசர் நின்றுவிட்டது. அதற்கு உதவ ஜாரா, ஃபியூமே இரண்டும் இருளில் திரும்பி வந்தன. வேலியன்ட்டின் ரேடார் நின்றுகொண்டிருந்த போலாவைக் கண்டுபிடித்தது. வந்துகொண்டிருந்த மற்ற இரண்டையும் வார்ஸ்பைட்டின் பிரிட்ஜிலிருந்து கன்னிங்ஹாமின் தலைமை அதிகாரி தொலைநோக்கியால் கண்டார். கிரேஹவுண்ட் என்ற நாசகாரி தேடுவிளக்கைப் போட்டபோது இத்தாலியப் பீரங்கிகள் கப்பலின் நீளவாக்கில் திரும்பியே இருந்தன. இரவில் சண்டை வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. தூரம் சுமார் மூன்றரை கிலோமீட்டர். 29 கிலோமீட்டர் எறியும் பீரங்கிக்கு இது கையெட்டும் தூரம். மூன்று குரூசர்களும் இரண்டு நாசகாரிகளும் மூழ்கின, இத்தாலியர்கள் 2,300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிரிட்டிஷ் கப்பல்கள் பல நூறு பேரை நீரிலிருந்து தூக்கின. விமானத் தாக்குதல் அச்சத்தால் விலக வேண்டி வந்தபோது, மிஞ்சியவர்கள் இருக்கும் இடத்தை இத்தாலியருக்குச் சங்கேதம் இல்லாமல் வானொலியில் தெரிவித்தார் கன்னிங்ஹாம்.

கிரீட்டில் வார்ஸ்பைட் அடிபட்டபோது கன்னிங்ஹாம் ஏன் கப்பலில் இல்லை?

ஜெர்மானியர் கிரீட் தீவைத் தாக்கிய அப்போது பல பிரிட்டிஷ் கப்பல்கூட்டங்கள் வெவ்வேறு திசைகளில் ஒரே நேரத்தில் இயங்கின. ஒரு கப்பலில் ஏறினால் அட்மிரல் வானொலியை அடக்கி வைக்க வேண்டும். தன் இடத்தை எதிரி கண்டுபிடித்துவிடக் கூடாதே. கரையில் இருந்தால் தாராளமாகச் செய்தி அனுப்பலாம், விமானப்படையோடும் தரைப்படையோடும் பேசலாம். ஆகவே அலெக்சாந்திரியாவில் இருந்தபடி நடத்தினார். 1941 மே 22 அன்று ராலிங்ஸின் கொடி பறந்த வார்ஸ்பைட்டின் வலப்பக்கத்தில் ஒரு குண்டு விழுந்து விமான எதிர்ப்புப் பீரங்கி வரிசையைச் சிதைத்தது. 38 பேர் இறந்தார்கள். பழுது பார்க்க அமெரிக்காவின் மேற்குக் கரையில் பிரெமர்ட்டன்வரை போக வேண்டியிருந்தது. போன வழி சூயஸ், இலங்கை, மணிலா, ஹொனலூலு.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. அடுத்த கொடிக்கப்பலான குயீன் எலிசபெத்தின் அடியில் 1941 டிசம்பர் 19 அன்று இத்தாலிய மூழ்குவீரர்கள் வெடிகுண்டு வைத்தார்கள். கன்னிங்ஹாம் கப்பலில் இருந்தார். கப்பல் ஆழமில்லாத துறைமுகத்தில் நிமிர்ந்தபடியே தரைதட்டியது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அட்மிரல் அங்கேயே தங்கி, காலைக் கொடியேற்றத்தை வாத்தியத்தோடு வழக்கம்போல நடத்தினார். எதிரியின் உளவு விமானத்துக்குக் கொடிக்கப்பல் நலமாக இருப்பதாகக் காட்ட அதைவிட நல்ல வழி இல்லை.

வார்ஸ்பைட்டுக்கும் இலங்கைக்கும் என்ன தொடர்பு?

சிங்கப்பூர் விழுந்த பிறகு கிழக்குக் கடற்படை திருகோணமலையையும் கொழும்பையும் நம்பி நின்றது. 1942 மார்ச் கடைசியில் சோமர்வில் வார்ஸ்பைட்டில் கொடி ஏற்றினார். இன்டாமிடபிள், ஃபார்மிடபிள் என்ற இரண்டு விமானந்தாங்கிகளோடு வார்ஸ்பைட் வேகப்பிரிவில் இருந்தது. மெதுவான பிரிவில் நான்கு பழைய ‘ஆர்’ வகுப்பு பேட்டில்ஷிப்கள்.

ஜப்பானியர் ஏப்ரல் 1 வாக்கில் வருவார்கள் என்று உளவுத்தகவல். இலங்கைக்குத் தெற்கே மூன்று இரவுகள் காத்திருந்தும் யாரும் வரவில்லை. அதற்குள் பழைய கப்பல்களில் நன்னீர் தீர்ந்துகொண்டிருந்தது. குடிக்க மட்டுமல்ல, பாய்லர்களுக்கும் நன்னீர்தான் வேண்டும். வடஐரோப்பியக் கடலுக்காகக் கட்டிய கப்பல்கள் அவை, இந்தியப் பெருங்கடலில் நீண்ட நாள் நிற்கும் கொள்ளளவு அவற்றுக்கு இல்லை. ஆகவே ஏப்ரல் 2 இரவு கடற்படை மாலத்தீவின் தென்முனையில் ஜப்பானியருக்குத் தெரியாமல் அமைத்திருந்த அட்டு பவளத்தீவுத் தளத்துக்குத் திரும்பியது. அங்கே போய் எண்ணெய் நிரப்பத் தொடங்கிய 4ஆம் தேதிதான், ஐந்து விமானந்தாங்கிகளோடு ஜப்பானிய அட்மிரல் நகுமோ வருவதை இலங்கையின் தென்கரையில் உள்ள கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா விமானம் கண்டது.

5ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்டது. டோர்செட்ஷைர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர்கள் கடலில் மூழ்கின, 424 பேர் இறந்தார்கள். 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. அங்கிருந்து தெற்கே தப்பிப்போன ஹெர்மிஸ் விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் 307 பேரோடு மூழ்கியது. அதன் உடல் இன்றும் அந்தக் கடலடியில் கிடக்கிறது.

பகலில் தன்னைவிடப் பல மடங்கு விமான வலிமை கொண்டவரை நெருங்காமல், இரவில் ரேடார் பொருத்திய அல்பகோர் விமானங்களால் தாக்க வேண்டும் என்பது சோமர்வில்லின் திட்டம். அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. வார்ஸ்பைட் ஒரு குண்டுகூடச் சுடவில்லை என்பதை வைத்து அவரைக் கோழை என்று எழுதுபவர்கள் உண்டு. அது நியாயமில்லை. 24 நாட் கொடிக்கப்பலை ஐந்து விமானந்தாங்கிகளின் எதிரே பகலில் நிறுத்தியிருந்தால் வங்கக் கடலோடு இந்தியப் பெருங்கடல் முழுவதும் காவலின்றிப் போயிருக்கும்.

திருகோணமலையில் மூழ்கிய மிதவைத் துறைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

அது வார்ஸ்பைட் அல்ல, அதன் உடன்பிறப்பு வேலியன்ட். 1944 ஆகஸ்ட் 8 அன்று வேலியன்ட்டைப் பழுதுபார்க்க நீருக்கு மேலே தூக்கும் மிதவைத் துறையில் ஏற்றி உயர்த்தும்போது துறை உடைந்தது. மிதவைத் துறையின் தொட்டிகளில் உள்ள தண்ணீரை, மேலே நிற்கும் கப்பலின் எடைப் பங்கீட்டுக்கு ஏற்ப வரிசையாக வெளியேற்ற வேண்டும். வரிசை தவறினால் ஒருபக்கம் தூக்கும், மறுபக்கம் அமிழும், நடுவில் முறியும். வேலியன்ட்டின் சுக்கானும் உந்திகளும் சேதமாயின. அந்த ஆண்டு திருகோணமலையில் சோமர்வில்லின் கொடி பறந்தது குயீன் எலிசபெத்தில்.

சலேர்னோவில் என்ன நடந்தது?

1943 செப்டம்பர் 16. இத்தாலியின் சலேர்னோவில் தரையிறங்கிய நேசநாட்டுப் படைக்குத் துணையாகச் சுட்டுக்கொண்டிருந்தபோது, வானொலியால் வழிநடத்தப்படும் ஜெர்மன் ஃபிரிட்ஸ்-எக்ஸ் குண்டு புகைபோக்கியை ஒட்டி விழுந்தது. 1,400 கிலோ எடையோடு மிக உயரத்திலிருந்து வந்ததால் ஆறு தளங்களைத் துளைத்து, பாய்லர் அறையில் வெடித்து அடிப்பாகத்தைத் திறந்துவிட்டது. சுமார் 5,000 டன் நீர் புகுந்தது. நீராவி இல்லாததால் சுக்கானும் பம்பும் நின்றன. மெசினா நீரிணையின் நீரோட்டத்தில் பக்கவாட்டாக அடித்துச் செல்லப்பட்டு, இழுவைக் கப்பல்களின் உதவியால் மூன்று நாளில் மால்டா சேர்ந்தது. இறந்தவர் 9 பேர்.

முழுப் பழுதுபார்ப்பு நடக்கவே இல்லை. அடிப்பாகத் துளையைக் கான்கிரீட் கொண்டு அடைத்தார்கள். பின்பக்கக் கோபுரங்களில் ஒன்றை அப்படியே விட்டுவிட்டார்கள். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் ஆறு பீரங்கிகளோடுதான் சுட்டது.

கடைசியில் என்ன ஆனது? எதையாவது இன்று பார்க்க முடியுமா?

1947 ஏப்ரலில் உடைப்பதற்காக ஸ்காட்லாந்துக்கு இழுத்துச் சென்றபோது புயலில் கயிறு அறுந்து, 23ஆம் தேதி கார்ன்வாலின் பிரஷ்யா கோவ் பாறைகளில் ஏறிக்கொண்டது. 1950இல் காற்றழுத்தப் பொறிகளால் மிதக்கவைத்து, செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் அருகே கரையேற்றி அங்கேயே துண்டு துண்டாக வெட்டினார்கள். அந்த வேலை 1950களின் நடுப்பகுதிவரை நீண்டது.

அதன் பீரங்கியைத் தேடி லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசலில் நிற்கும் இரண்டு 15 அங்குலப் பீரங்கிகளும் ரெசல்யூஷன், ரமிலீஸ் கப்பல்களிலிருந்து வந்தவை. 1942 ஏப்ரலில் நன்னீர் தீர்ந்து அட்டுவுக்குத் திரும்பிய ‘ஆர்’ வகுப்புக் கப்பல்களில் இரண்டு அவை. வகை மட்டும் வார்ஸ்பைட்டில் இருந்த அதே வகை.